பைபாஸ் ரோட்டு நெரிசல்: மனுவில் எதைக் கேட்பது?

மதுரையில் பழங்காநத்தத்துக்கும் காளவாசலுக்கும் நடுவில், எங்கள் தெரு பைபாஸ் ரோட்டில் வந்து சேரும் இடத்தில் ஒரு சிக்னல் இருக்கிறது. அதைப் பற்றித் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுக்க எங்கள் பகுதிக்காரர்கள் ஒரு மனு தயார் செய்கிறோம். பேசக் கூடிய அன்று நான்கு யோசனைகள் வந்தன. பெங்களூரு மாதிரி கேமரா வைத்துத் தானே நேரம் மாற்றிக்கொள்ளும் சிக்னல் கேட்கலாம் என்றார் ஒரு தம்பி. சுற்றியுள்ள தெருக்களை ஒன் வே ஆக்கினால் போதும் என்றார் இன்னொருவர். பைபாஸில் இருக்கிற எல்லா சிக்னலையும் ஒன்றோடொன்று கோத்துவிட்டால் நிற்காமல் போய்விடலாம் என்பது மூன்றாவது. இருக்கிற சிக்னலின் நேரத்தைச் சரியாக வைத்தாலே பாதி தீரும் என்றார் ஓய்வுபெற்ற ஒரு டிரைவர். "நீங்க கணக்கு வாத்தியார்தானே சார், எது சரின்னு நீங்களே எழுதிக் குடுங்க" என்று பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

நான்கையும் ஒரே மனுவில் கேட்டால் ஒன்றும் நடக்காது. எதை முதலில் கேட்பது என்பதுதான் கேள்வி. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதலில் நேரத்தை மாற்றக் கேட்போம், கூடவே நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் 60 மீட்டரில் ரோட்டோரம் எந்த வண்டியையும் நிறுத்திவைக்கக் கூடாது என்று கேட்போம். கேமரா அதற்கு அப்புறம். ஏன் இந்த வரிசை என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே காட்டுகிறேன். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

காலை 8.40க்கு அந்த இடத்தில் போய் நின்று பாருங்கள். சிவப்பு விழுந்ததும் முன்னால் கார், பஸ் நிற்கும். இடையில் இருக்கிற சந்துகளில் எல்லாம் பைக்குகள் புகுந்து புகுந்து கோட்டைத் தாண்டி ஒரு கொத்தாக முன்னால் வந்து நிற்கும். எண்ணிக்கை ஐந்துக்கு இறங்கும்போதே அந்தக் கொத்து நகர ஆரம்பித்துவிடும். பச்சை விழுந்த முதல் சில நொடிகளில் பைக் எல்லாம் கரைந்து போய்விடும், அப்புறம்தான் ஆட்டோ, கார். டவுன் பஸ் கடைசியில் கியர் போட்டு அசையும்போது எண்ணிக்கை பாதி முடிந்திருக்கும். இதற்குள் இடது ஓரத்தைக் கவனியுங்கள். டிபன் கடை வாசலில் பைக் இரண்டு வரிசை. அடுத்து சரக்கு இறக்கும் ஒரு லோடு ஆட்டோ. எட்டு மீட்டர் ரோடு என்று பெயர், வண்டி ஓடுவதென்னவோ ஆறு மீட்டரில். இந்த இரண்டு மீட்டர்தான் இந்தக் கட்டுரையின் வில்லன். கடைசி வரைக்கும் அது திரும்பத் திரும்ப வரும்.

சிக்னல் நேரம்: 1958ஆம் ஆண்டு சூத்திரம்

ஒரு சிக்னல் நான்கு பக்கத்துக்கும் பச்சை கொடுத்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்கு வர எடுக்கும் நேரத்தைச் சுற்று நேரம் என்று வைத்துக்கொள்வோம். அது எவ்வளவு இருந்தால் எல்லோருக்கும் சேர்த்துக் காத்திருப்பு குறையும் என்ற கேள்விக்குப் பிரிட்டனின் சாலை ஆய்வுக் கூடத்தில் வேலை பார்த்த எஃப்.வி. வெப்ஸ்டர் 1958இல் விடை கொடுத்தார். இன்றைக்கும் உலகம் முழுக்க போக்குவரத்துப் பொறியியல் மாணவர்கள் முதலில் படிப்பது அதைத்தான்.

அதற்கு இரண்டே எண்கள் வேண்டும். ஒன்று, வீணாகும் நேரம். ஒரு பக்கம் நின்று இன்னொரு பக்கம் கிளம்பும் ஒவ்வொரு முறையும், வண்டிகள் அசைய எடுக்கும் தாமதம், நடுவில் சந்திப்பு காலியாகும் இடைவெளி என்று சுமார் 4 நொடி யாருக்கும் பயன்படாமல் போகிறது. நான்கு பக்கம் என்றால் ஒரு சுற்றுக்கு 16 நொடி. இரண்டாவது, ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்ற விகிதம். ஒரு மணி நேரத்தில் அந்தப் பக்கம் வருகிற வண்டிகளை, பச்சை ஒரு மணி நேரமும் எரிந்தால் அந்தப் பக்கம் எத்தனை வண்டி போக முடியுமோ அதால் வகுக்க வேண்டும். நான்கு பக்கத்து விகிதத்தையும் கூட்டுங்கள். வீணாகும் நேரத்தை ஒன்றரையால் பெருக்கி 5 கூட்டி, அதை ஒன்றிலிருந்து அந்தக் கூட்டுத்தொகை போக மீதியால் வகுத்தால், வருவதுதான் உகந்த சுற்று நேரம்.

எங்கள் சிக்னலுக்குக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வண்டி எண்ணிக்கையை நான் இன்னும் முறையாக எடுக்கவில்லை, அதனால் இவை உதாரணத்துக்கு வைத்துக்கொண்ட எண்கள். காலை நெரிசல் நேரத்தில் ஒரு பக்கத்திலிருந்து மணிக்கு 700 பைக், 148 கார், 72 ஆட்டோ, 20 பஸ் வருகிறது என்று வைப்போம். எல்லாவற்றையும் கார்க் கணக்குக்கு மாற்ற வேண்டும். நம் நாட்டுச் சாலைக் கணக்கில் பைக் அரை கார், ஆட்டோ ஒரு கார், பஸ் மூன்று கார் என்று எடுப்பது பழைய வழக்கம். 350, 148, 72, 60. மொத்தம் 630. ரோடு 8 மீட்டர். வெப்ஸ்டர் காலத்து அளவுப்படி மீட்டருக்கு மணிக்கு 525 கார் போகும், ஆக 4,200. 630ஐ 4,200ஆல் வகுத்தால் 0.15. நான்கு பக்கமும் இப்படியே என்றால் 0.6. சூத்திரத்தில் போட்டால், 29ஐ 0.4ஆல் வகுக்க 72 நொடி சொச்சம் வரும்.

நம் ஊரில் நெரிசல் அதிகமானால் சுற்று நேரத்தை நீட்டுவது வழக்கம். 120 நொடி வைத்தால் பச்சை அதிகம் கிடைக்கும், அதிக வண்டி போகும் என்று தோன்றும். கொஞ்சம் அதிகம் போவது உண்மைதான், வீணாகும் 16 நொடி கம்மி முறை வருகிறது. ஆனால் ஒவ்வொரு வண்டியும் நிற்கும் நேரம் கூடுகிறது. மேலே சொன்ன அதே வண்டிகளுக்கு, சீராக வந்து சேர்ந்தால், 120 நொடிச் சுற்றில் சராசரிக் காத்திருப்பு சுமார் 43 நொடி. 72 நொடிச் சுற்றில் 27. வண்டிகள் சீராக வராது, ஒரு நேரம் கூட்டமாகவும் ஒரு நேரம் வெறிச்சென்றும் வரும். அதையும் சேர்த்தால் இந்த வித்தியாசம் குறையும், ஆனால் மறையாது.

இப்போது அந்த இரண்டு மீட்டருக்கு வருகிறேன். டிபன் கடை பைக்கும் லோடு ஆட்டோவும் இரண்டு மீட்டரை எடுத்துக்கொண்டால் ரோடு 6 மீட்டர். 4,200 இறங்கி 3,150 ஆகிறது. 630ஐ அதால் வகுத்தால் 0.2. நான்கு பக்கமும் அப்படியே என்றால் 0.8. சுற்று நேரம் 29ஐ 0.2ஆல் வகுக்க 145 நொடி! சராசரிக் காத்திருப்பு, சீரான வருகைக்கே, 55 நொடி. வந்த வண்டியில் ஒன்றுகூடக் கூடவில்லை. ஓரத்தில் இரண்டு மீட்டர் போனதற்கே காத்திருப்பு இரண்டு மடங்கு.

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டபோது எனக்கே கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. ரோட்டில் கால் பங்கு போனால் நெரிசலும் கால் பங்கு கூடும் என்றுதான் நம் மனம் நினைக்கும். ஒன்றிலிருந்து கழித்து அதால் வகுக்கிற கணக்கில் அப்படி நடக்காது. ரோடு முழுக்க நிறைவதை நெருங்க நெருங்க ஒவ்வொரு சிறு குறையும் பல மடங்காகத் திருப்பி அடிக்கும்.

நல்ல செய்தியும் இதே கணக்கில் இருக்கிறது. முழு ரோட்டையும் காலி செய்ய வேண்டியதில்லை. பச்சை எரியும் நேரத்துக்குள் எத்தனை வண்டி போகுமோ அத்தனை நிற்கும் நீளம் காலியாக இருந்தால் போதும். 72 நொடிச் சுற்றில் ஒரு பக்கத்துக்குப் பச்சை 14 நொடி. ஒரு வரிசையில் இரண்டு நொடிக்கு ஒரு கார் வீதம் 7 கார். இடைவெளியோடு சேர்த்து ஒரு கார் நிற்க ஆறரை மீட்டர் என்றால் 45 மீட்டர். அதற்குப் பின்னால் பைக் நின்றாலும் இந்தப் பச்சைக்கு நஷ்டமில்லை. 145 நொடிச் சுற்றில் பச்சை 32 நொடி, 16 கார், நூறு மீட்டருக்கு மேல் காலி செய்ய வேண்டியிருக்கும். அதாவது சுற்று நேரம் குறையக் குறைய, கடைக்காரர்களிடம் நாம் கேட்க வேண்டிய இடமும் குறைகிறது. நேர மாற்றத்தையும் காலி இடத்தையும் நான் பிரிக்காமல் சேர்த்துக் கேட்பதற்குக் காரணம் இதுதான். ஒன்று இல்லாமல் இன்னொன்று நிற்காது.

நடப்பவர்களை மறந்துவிடக் கூடாது. போன மாதம் அம்மாவைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போய்விட்டு வரும்போது ஒரு பெரிய சந்திப்பைக் கடக்க நேர்ந்தது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அம்மா நடக்க, பாதி ரோட்டில் எண்ணிக்கை 4 காட்டியது. மறுபக்கத்தில் ஆக்சிலேட்டர் முறுக்கும் சத்தம் கேட்டது. அம்மா நின்றுவிட்டார். பொறியாளர்கள் நடை வேகத்தை வழக்கமாக நொடிக்கு 1.2 மீட்டர் என்று எடுப்பார்கள். 12 மீட்டர் ரோட்டைக் கடக்க 10 நொடி. அம்மா நடப்பது நொடிக்கு 0.8 மீட்டர்தான் இருக்கும், அவருக்கு 15 நொடி வேண்டும். அதனால் 72ஐ அப்படியே பிடித்துக்கொள்ளாமல் 80 நொடி என்று கேட்கலாம் என்பது என் கருத்து. பச்சை 16 நொடி ஆகும், அம்மா கடந்துவிடுவார். உகந்த எண்ணிலிருந்து முக்கால் மடங்கு முதல் ஒன்றரை மடங்கு வரை விலகினாலும் தாமதம் பத்து இருபது சதவீதத்துக்கு மேல் கூடாது என்று வெப்ஸ்டரே காட்டியிருக்கிறார். 80 நொடிச் சுற்றுக்கு காலி இடமும் 52 மீட்டர்தான். மனுவில் 60 என்று எழுதுவது கொஞ்சம் கைகாவலுக்கு.

இந்தச் சூத்திரத்துக்கு ஒரு குறை உண்டு. அது வண்டியை எண்ணுகிறது, ஆளை எண்ணவில்லை. மேலே சொன்ன 20 டவுன் பஸ்ஸில் பஸ்ஸுக்கு ஐம்பது பேர் என்றால் ஆயிரம் பேர். 700 பைக்கில் ஒன்றரை ஆள் வீதம் 1,050 பேர். கார், ஆட்டோ எல்லாம் சேர்த்து ஐநூறு சொச்சம். பஸ் எடுத்துக்கொள்வது ரோட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஏற்றிப் போவதோ ஐந்தில் இரண்டு பங்கு ஆட்களை. பஸ் வருகிற பக்கத்துக்கு இரண்டு மூன்று நொடி கூட்டிக் கொடுப்பது நியாயம் என்பதை மனுவில் ஒரு வரியாவது எழுதப்போகிறேன்.

கேமராவும் கம்ப்யூட்டரும்

தம்பி கேட்ட சிக்னல் புதிதல்ல. சிட்னி நகரம் 1970களிலேயே ஸ்காட்ஸ் என்ற முறையைக் கொண்டுவந்தது. பிரிட்டனில் அதே காலத்தில் ஸ்கூட் வந்தது. ரோட்டுக்கு அடியில் புதைத்த கம்பிச் சுருள் மேலே வண்டி வந்ததைச் சொல்லும், கம்ப்யூட்டர் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 2012இல் ஒன்பது சந்திப்புகளில் சர்ட்ராக் என்ற முறையைப் பரிசோதித்தபோது பயண நேரம் கால் பங்கு அளவுக்குக் குறைந்தது என்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் சொன்னார்கள். நம் நாட்டிலேயே, திருவனந்தபுரத்தில் இருக்கிற சிடாக் நிறுவனம் நம் கலப்பு வண்டி ஓட்டத்துக்காகவே கோசிகோஸ்ட் என்ற மென்பொருளைச் செய்திருக்கிறது. பெங்களூருவில் ஓடுவது அதுதான்.

ஆகவே முடியாத காரியம் என்று நான் சொல்லவில்லை. எப்போது பலன் தரும் என்பதுதான் விஷயம். வண்டி வருவது நேரத்துக்கு நேரம் கணிக்க முடியாமல் மாறினால் இது பொன்னானது. முகூர்த்த நாள், பள்ளி லீவு, மழை, சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும் நாட்கள், இதையெல்லாம் அட்டவணை போட்டுப் பிடிக்க முடியாது. இரவு பதினொரு மணிக்கு ஆளில்லாத பக்கத்துக்குப் பச்சை எரிந்துகொண்டிருப்பதை நிறுத்தவும் இதுதான் வழி.

ஆனால் நாங்கள் மனுப் போடுவது காலை 8.30 முதல் 10 வரைக்கும், சாயங்காலம் 5 முதல் 8 வரைக்கும் உள்ள நெரிசலுக்கு. அந்த நேரத்தில் நான்கு பக்கமும் நிறைந்திருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து எடுத்து எந்தப் பக்கத்துக்குக் கொடுப்பது? விகிதங்களின் கூட்டுத்தொகை ஒன்றைத் தொட்டுவிட்டால் வெப்ஸ்டர் சூத்திரத்தில் கீழே பூஜ்யம் வரும், அதற்கு மேல் போனால் விடை கழித்தல் குறியோடு வரும். அந்தச் சந்திப்பில் எந்த நேரம் வைத்தாலும் வரிசை நீண்டுகொண்டேதான் போகும் என்று அதற்கு அர்த்தம். எவ்வளவு கெட்டிக்காரக் கம்ப்யூட்டரும் இல்லாத ரோட்டைக் கொடுக்க முடியாது. கோரிப்பாளையம் மாதிரி, ஆல்பர்ட் விக்டர் பாலத்திலிருந்தும் பனகல் ரோட்டிலிருந்தும் தல்லாகுளத்திலிருந்தும் வந்து ஓர் இடத்தில் மோதுகிற சந்திப்பு அந்த வகை. அந்த மாதிரி இடத்துக்கு மேம்பாலம்தான் வழி. எங்கள் சிக்னல் அந்த வகை இல்லை. ஓரத்தில் இரண்டு மீட்டர் போய் 0.6 என்பது 0.8 ஆன வகை.

இன்னொரு சங்கடம், கேமராவின் கண். பெரிய பஸ் முன்னால் நின்றால் அதற்குப் பின்னால் இருக்கிற பத்து பைக் அதற்குத் தெரியாது. கோட்டைத் தாண்டி முன்னால் வந்து நிற்கும் கொத்தும் அது பார்க்க வேண்டிய கட்டத்துக்கு வெளியே போய்விடும். வெளிநாட்டு முறைகள் லேன் பிடித்து ஓட்டுகிற ஊருக்காகச் செய்தவை. இங்கே வைக்கும்போது நம் ஓட்டத்துக்கு ஏற்ற எண்களைக் கொடுத்துப் பழக்க வேண்டும். அந்த எண்கள் எங்கிருந்து வரும்? யாராவது நின்று எண்ணினால்தான் வரும். மத்திய சாலை ஆய்வு நிறுவனம் இந்தியச் சாலைகளுக்கென்று ஒரு கையேடு கொண்டுவந்ததே, வெளிநாட்டு அளவுகளை நம் ரோட்டுக்கு அப்படியே வைக்க முடியாது என்பதால்தான். ஆக, கேமரா கேட்பதானாலும் முதல் வேலை எண்ணுவது. அதைச் செய்துவிட்டால் பாதி மனு தானாக எழுதப்பட்டுவிடும்.

நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. கம்பமோ கேமராவோ புதிதாக நடாமல், கூகுள் மேப்ஸில் தெரியும் வண்டி ஓட்டத்தை வைத்து இந்தச் சிக்னலுக்கு இத்தனை நொடி மாற்றலாம் என்று பரிந்துரை கொடுக்கும் திட்டம் ஒன்றை கூகுள் நிறுவனமே நடத்துகிறது. இந்தியாவில் கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் அதில் சேர்ந்திருக்கின்றன. மதுரைக்கும் கேட்கலாம், ஆனால் அது ஊர் அளவில் எடுக்க வேண்டிய முடிவு. எங்கள் ஒரு சந்திப்புக்கான மனுவில் அதை நுழைக்க வேண்டாம்.

கோத்த சிக்னல்கள்

நான்கில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. ஒரு சிக்னலில் பச்சை பெற்றுக் கிளம்பினால் அடுத்ததிலும் பச்சை, அதற்கடுத்ததிலும் பச்சை. பச்சை அலை என்பார்கள்.

இதில் ஒரு அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி நொடிக்கு 8.3 மீட்டர் போகும். இரண்டு சிக்னலுக்கு நடுவில் 500 மீட்டர் என்றால் 60 நொடி. முதலாவது பச்சையாகி 60 நொடி கழித்து இரண்டாவது பச்சையாக வேண்டும். சரி, எதிர்த்திசையில் வருபவர்? சுற்று நேரம் 80 நொடி என்றால், இரண்டாவது சிக்னலில் கிளம்பியவர் முதலாவதற்கு வரும்போது அங்கே பச்சை விழுந்து 40 நொடி ஆகியிருக்கும். சிவப்பின் நடுவில் வந்து நிற்பார், 40 நொடி காத்திருப்பார். ஒருவருக்கு அலை, இன்னொருவருக்குச் சுவர். ஆனால் தூரம் 667 மீட்டராக இருந்தால் பயணம் முழுச் சுற்றுக்குச் சமம், இரண்டு சிக்னலும் ஒரே நேரத்தில் பச்சையானால் இரு திசைக்கும் அலை கிடைக்கும். 333 மீட்டர் என்றால் பாதிச் சுற்று, ஒன்று மாற்றி ஒன்று பச்சையானாலும் இரு திசையும் தப்பிக்கும். சிக்னல் இருக்கும் தூரத்தை மாற்ற முடியாது. சுற்று நேரத்தையும் வேகத்தையும் சற்று இழுத்துப் பிடித்து இதற்குப் பக்கத்தில் கொண்டுவரலாம். முடியாவிட்டால் காலையில் ஊருக்குள் வருபவர்களுக்கும் சாயங்காலம் வெளியே போகிறவர்களுக்கும் அலையைத் திருப்பிக் கொடுக்கலாம்.

பைபாஸில் இது எடுபடுமா? இரவு 9 மணிக்கு மேல் நிச்சயம் எடுபடும். காலையில் சந்தேகம். பச்சை அலைக்கு வண்டிகள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து போக வேண்டும். சிக்னலைத் தாண்டியதும் பஸ் நிறுத்தம், ஷேர் ஆட்டோ கை காட்டிய இடத்தில் நிற்பது, குறுக்குத் தெருவிலிருந்து வந்து நுழைகிற பைக், எல்லாம் சேர்ந்து அந்தக் கூட்டத்தை அரை கிலோமீட்டருக்குள் கலைத்துவிடும். அதோடு எல்லா சிக்னலுக்கும் ஒரே சுற்று நேரம் வேண்டும், கடிகாரங்கள் நொடி பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். நடுவில் ஒரு சிக்னலில் காவலர் ஒருவர் பெட்டியைத் திறந்து கையால் இயக்க ஆரம்பித்தால் அன்றைக்கு அலை அங்கேயே முடிந்தது. அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். கண்ணெதிரே ஒரு பக்கம் வரிசை நீண்டு நிற்கும்போது யாருக்கும் கை பொறுக்காது. ஒரு பக்கத்துக்கு நீளமாகப் பச்சை கொடுத்துத் தீர்த்துவிட்டுத் திரும்பினால் மற்ற மூன்று பக்கமும் அதைவிட நீளமாக நிற்கும். சுற்று நேரம் சரியாக இருந்தால் பெட்டியைத் திறக்கத் தேவையே வராது. அந்த விதத்திலும் நேர மாற்றம்தான் முதல் படி, கோப்பது அடுத்த படி. எங்கள் சிக்னலுக்கு 80 நொடி என்று முடிவானால், அக்கம்பக்கத்து சிக்னல்களுக்கும் 80 என்று கேட்டுவைப்பது பிற்காலத்துக்கு உதவும்.

ஒன் வே

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் எங்கள் பகுதிக்கு இது வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒன் வேயின் பலம் உண்மையானது. இரண்டு இருவழிச் சாலைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வண்டிகளின் பாதைகள் ஒன்றையொன்று தொடும் புள்ளிகள் 32. இரண்டும் ஒருவழி என்றால் 5 தான். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளுக்கு இது பொருந்தும். சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த ஊர். ஆங்கிலேயர் காலத்தில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோதும் வெளி வீதியும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அதே அமைப்பை ஒட்டித்தான் வந்தன. சதுரத்தில் ஒரு திசையில் சுற்றிவந்தால் கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வரலாம்.

எங்கள் பக்கத்துத் தெருக்களுக்கு அப்படி ஒழுங்கு கிடையாது. ஒன்று முட்டுச் சந்து, இன்னொன்று வாய்க்காலோடு முடியும். ஒன் வே ஆக்கினால் ஒவ்வொரு வண்டியும் கூடுதல் தூரம் சுற்றும், அந்தக் கூடுதல் தூரம் முழுக்க பைபாஸ் ரோட்டின் மேல்தான் விழும். அதே சிக்னலுக்கு இரண்டு தடவை வரும்.

எதிர்ப்பக்கமாக, ஒரு குறுக்கு வழியைத் திறந்துவிட்டால் நெரிசல் குறையும் என்று ஒருவர் சொன்னார். அதிலும் கவனம் வேண்டும். டீட்ரிச் பிராஸ் என்ற ஜெர்மன் கணிதவியலாளர் 1968இல் ஒரு விசித்திரத்தைக் கண்டுபிடித்தார். 4,000 வண்டிகள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக இரண்டு பாதைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பாதி அகலமான ரோடு, எத்தனை வண்டி வந்தாலும் 45 நிமிடம். மறுபாதி குறுகலானது, நூறு வண்டிக்கு ஒரு நிமிடம் வீதம் நேரம் ஆகும். ஒரு பாதையில் குறுகல் முன்னால், இன்னொன்றில் பின்னால். ஆளுக்குப் பாதியாகப் பிரிந்து போனால் 20ம் 45ம் சேர்ந்து 65 நிமிடம். இப்போது நடுவில் இரண்டு பாதையையும் இணைக்க, நொடியில் கடக்கிற ஒரு குறுக்கு வழியைத் திறந்துவிடுங்கள். எல்லோருக்கும் இரண்டு குறுகல் ரோட்டையும் பிடிப்பதே லாபம் என்று தோன்றும். 4,000 பேரும் அப்படியே போவார்கள், 40ம் 40ம் 80 நிமிடம். புது வழி வந்ததால் எல்லோருக்கும் 15 நிமிடம் நஷ்டம். போனைப் பார்த்து வழி பிடிக்கிற காலத்தில் இது நடக்க அதிக நாள் ஆகாது.

தெருவை அடைப்பதோ திறப்பதோ, கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்காமல் செய்யக் கூடாது. ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையம் வெளியிட்ட சூமோ என்ற மென்பொருள் இலவசம். ஒரே லேனுக்குள் பைக்குகள் பக்கம் பக்கமாகப் புகுந்து போவதையும் அதில் காட்ட முடியும். பொறியியல் கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் ஒரு பருவத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலைதான். ஆனால் அதற்கும் முதலில் எண்ணிக்கை வேண்டும். எந்த வழியில் போனாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறோம்.

எண்ணுவது எப்படி

அதனால் மனு கொடுக்கும் முன் நாங்களே எண்ணப் போகிறோம். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாள். திங்கள், வெள்ளி வேண்டாம், வாரத்தின் இரு முனையும் ஒரு மாதிரி இருக்கும். முகூர்த்த நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காலை 8.30 முதல் 9.30, சாயங்காலம் 5.30 முதல் 6.30. ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர், ஒருவர் பைக்கை மட்டும், இன்னொருவர் மற்றதை. நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே அடிக்கிற பழைய முறையே போதும், பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தாள். நேர்ப்போக்கு, இடது, வலது என்று பிரித்து எழுத வேண்டும்.

கூடவே ஒன்று. பச்சை விழுந்து நான்கு நொடி கழித்து ஆரம்பித்து, வரிசை நெருக்கமாகப் போகும் வரைக்கும் கோட்டைத் தாண்டும் வண்டிகளை எண்ணி, எத்தனை நொடி ஆனது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பத்து பதினைந்து பச்சைக்கு இதைச் செய்தால் நம் ரோட்டின் உண்மையான கொள்ளளவு கிடைத்துவிடும். வெப்ஸ்டரின் 525 நமக்கு வேண்டியதில்லை. கடை வாசல் காலியாக இருக்கும்போது ஒரு தடவை, நிறைந்திருக்கும்போது ஒரு தடவை எண்ணினால், அந்த இரண்டு மீட்டரின் விலை என்னவென்று எங்கள் சொந்த எண்ணிலேயே சொல்லலாம். அதிகாரிகளிடம் நெரிசல் தாங்கவில்லை என்று போய் நிற்பதற்கும், இந்தத் தாளோடு போய் நிற்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

டிபன் கடை அண்ணாச்சியிடம் நேற்றே பேசிவிட்டேன். அவர் கடை கோட்டிலிருந்து நாற்பதாவது மீட்டரில் இருக்கிறது, அந்த 60க்குள்ளே நேராக வருகிறது. "எல்லாரும் ஒதுங்கச் சொன்னா நான் எங்க சார் போவேன்? பைக்க நிறுத்த இடமில்லன்னா அடுத்த கடைக்குத்தான் போவாங்க" என்றார். அவர் கேட்டது நியாயம். கடைக்குப் பக்கத்துச் சந்தின் ஒரு ஓரத்தில் முப்பது பைக் நிற்கும், அதற்குக் கோடு போட்டுத் தரச் சொல்லி மனுவிலேயே எழுதுகிறேன் என்றேன். சரக்கு வண்டி காலை எட்டு மணிக்குள் வந்து போய்விட வேண்டும் என்று அவர் ஒத்துக்கொண்டார். சாயங்காலம் நெரிசலுக்கு முன் மூன்று மணியிலிருந்து நான்கு மணி வரை ஒரு மணி நேரம் மட்டும் சரக்கு இறக்க விட வேண்டும் என்று கேட்டார். அதையும் சேர்த்திருக்கிறேன். புதன்கிழமை காலை எண்ணுவதற்கு அவர் கடை மாடியைத் திறந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து பார்த்தால் நான்கு பக்கமும் தெரியும்.